மூன்று வினாக்களின் வரலாறு: குழந்தையின் இருமலும் பெற்றோரின் பொறுப்பும்

குழந்தைக்கு அடிக்கடி சளியும் இருமலும் வந்தால், முதலில் விசாரணைக்கு உள்ளாகிறவள் தாய். புகை படாமல் பார்த்துக்கொண்டாயா, தடுப்பூசி போட்டாயா, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தாயா என்று வினாக்கள் நீளும். மருத்துவ நோக்கில் மூன்றும் நியாயமானவை. ஆனால் அவற்றுக்கு 'ஆம்' என்று விடையளிக்கும் வாய்ப்பு இந்தியப் பெற்றோருக்கு எப்போது கிடைத்தது என்பது வரலாற்றுக் கேள்வி.

முதலில் புகை. 1981இல் கிர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர், இந்திய ஆய்வாளர்களுடன் இணைந்து குஜராத்தின் நான்கு சிற்றூர்களில், சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார். ஒரு கன மீட்டருக்குச் சராசரியாக 7 மில்லிகிராம் துகள்கள் இருந்தன. நகரத் தெருக்களின் காற்றைவிட இது பன்மடங்கு மாசு. காற்று மாசு என்றால் ஆலையும் வாகனமும் என்றே எண்ணிய அறிவுலகம் அப்போதுதான் அடுப்படியைக் கவனிக்கத் தொடங்கியது. தாயின் இடுப்பிலிருந்த குழந்தையும் அதே காற்றையே சுவாசித்தது. மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் சளியோடு கிருமிகளையும் வெளியே தள்ளுகின்றன. புகை அவற்றின் இயக்கத்தைக் குலைக்கிறது. ஒரு தொற்று ஆறுவதற்குள் அடுத்தது தொற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1983இல் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் தொடங்கியது. 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டன. கட்டிய எண்ணிக்கைக்குக் கணக்கு இருந்தது. விரிசல் விட்ட அடுப்பையும் அடைத்துக்கொண்ட புகைபோக்கியையும் பார்க்க ஆளில்லை. 2002இல் நடுவண் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. 2016இல் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் எரிவாயு இணைப்பை ஏழை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. ஆயினும் அடுத்த உருளை வாங்கப் பணமில்லாத வீடுகளில் விறகடுப்பும் கூடவே எரிந்தது.

இரண்டாவது தடுப்பூசி. நிமோனியாவின் முதன்மைக் காரணிகளுள் ஒன்றான நியுமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி, 2017இல் சில மாநிலங்களில் மட்டும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. 2021இல்தான் நாடு முழுவதற்கும் விரிந்தது. அதுவரை அது பணம் கொடுத்துப் போட வேண்டிய ஊசி.

மூன்றாவது தாய்ப்பால். 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மகப்பேறு விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. ஆறு மாதத் தாய்ப்பாலுக்கு அது ஏறத்தாழப் பொருந்துகிறது. ஆனால் நாற்று நடுகிறவளுக்கும் வீட்டுவேலை செய்கிறவளுக்கும் அந்த விடுப்பு இல்லை.

2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே சிந்திக்கத்தக்கது. தமிழ்நாட்டிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலும் 3,000க்கும் மேற்பட்ட கருவுற்ற பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு, குழந்தை ஓராண்டை எட்டும் வரை எரிவாயு இலவசமாகக் கிடைத்தது. வீட்டில் புகை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் குழந்தைகளின் கடும் நிமோனியா குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. புகை தீங்கற்றது என்பது இதன் பொருளன்று. அடுப்பை மாற்றுவது மட்டும் போதாது என்பதே. தெருக் காற்று, நெருக்கமான வீடு, ஊட்டக்குறைவு ஆகியவையும் குழந்தையின் நுரையீரலைப் பாதிக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொது இடங்களில் புகைபிடிப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் கடுமையாக்கப்பட்டது. அந்தச் சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே பீடி பற்றவைக்கும் தந்தையைத் தடுக்கத் திட்டம் எதுவும் தேவையில்லை. அவர் எழுந்து வெளியே போனால் போதும். பெற்றோரின் கைக்குள் முழுமையாக இருக்கும் காப்பு இது. ஆனால் அந்த வினா தந்தையிடம் அரிதாகவே கேட்கப்படுகிறது.

பெற்றோரின் கவனம் பயனற்றதென்று இந்த வரலாறு சொல்லவில்லை. அக்கவனம் பலிப்பதற்கான சூழலை உருவாக்காமல், பழியை மட்டும் தாயின் மடியில் இறக்கிவைத்த ஒரு நீண்ட வழக்கத்தையே அது காட்டுகிறது.