பெயர் சொல்லிக் கேட்க ஓர் ஆள்

கல்லூரிகள் திறக்கும் மாதம் இது. இரும்பையிலிருந்தும் மரக்காணம் பக்கத்து உப்பள ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு விடுதிக்குக் கிளம்புகிறார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எவ்வளவு பீஸ் என்று எல்லாரும் விசாரிக்கிறோம். அங்கே போய்ப் பிள்ளை யாரோடு உட்கார்ந்து சாப்பிடும் என்று கேட்பவர்கள் குறைவு.

30 ஆண்டுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். நன்றாகப் படித்த பிள்ளைகள் சிலர் தீபாவளிக்கு ஊருக்கு வந்து, திரும்பிப் போகாமலே நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். கணக்கில் கெட்டிக்காரனான ஓர் உப்பளத் தொழிலாளி மகனிடம் காரணம் கேட்டேன். “ஒரு வாரம் நான் கிளாசுக்கே போகல சார். ஏன்னு ஒருத்தரும் கேக்கல” என்றான். பாடம் கஷ்டம் என்று அவன் சொல்லவே இல்லை.

இது இன்றைக்கு முளைத்த பிரச்சினை அல்ல. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வரலாற்றைப் பார்த்தால், ஒரு நூற்றாண்டுக் காலம் அவர்கள் இதோடு மல்லுக்கட்டியது தெரியும்.

1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் அந்தக் கல்லூரியாக வளர்ந்தது. மறு வருஷமே சோதனை வந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்திருப்பது தெரிந்ததும், அவர்களை வெளியேற்ற வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். ஆண்டர்சன் மறுத்தார். பலர் விலகிப் போனார்கள். ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க அந்தப் பள்ளி பலரை இழந்தது.

வகுப்பில் இடம் கொடுத்தால் மட்டும் போதாது என்று கண்டவர் வில்லியம் மில்லர். 1862இல் சென்னைக்கு வந்து, 1907 வரை பணியாற்றியவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வெளியூரிலிருந்து வந்து தங்க இடமில்லாமல் திண்டாடும் மாணவர்களுக்காகக் கல்லூரியை ஒட்டி விடுதிகள் எழுப்பினார். கைப்பணத்தையும் அதில் போட்டார்.

விடுதி என்றால் அடுத்த கேள்வி பந்தி. சேரன்மாதேவி குருகுலத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து 1924, 25இல் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்டது. ஒரு மாணவன் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்பதை அவனுடைய சாப்பாட்டு இலை சொல்லிவிடும்.

1930இல் இந்தியாவின் கிறிஸ்தவக் கல்லூரிகளை ஆராய ஆக்ஸ்போர்டிலிருந்து ஏ. டி. லிண்ட்சே தலைமையில் ஒரு குழு வந்தது. கல்லூரிகள் பரீட்சைக்குத் தயார் செய்யும் இடங்களாகச் சுருங்கிவிட்டன, ஆசிரியரும் மாணவரும் நெருங்கிப் பழக வேண்டும் என்பது 1931இல் வந்த அதன் அறிக்கையின் சாரம்.

நெரிசலான சென்னை நகரத்திலிருந்து 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது கிறிஸ்தவக் கல்லூரி. 350 ஏக்கருக்கும் மேலான காட்டு நிலம். அதில் சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று மூன்று விடுதிகள். பேராசிரியர்களில் ஒருவர் வார்டனாக இருந்தார். பல மதத்துப் பிள்ளைகளும் ஒரே ஹாலில் தங்கினார்கள். ஹாலுக்கு ஹால் போட்டி, விழா, கிண்டல் எல்லாம் உண்டு. அங்கே தங்கிப் படித்த பெரியவர்களைப் பார்த்தால் தெரியும்: என்ன படித்தார்கள் என்பதற்கு முன்னால் எந்த ஹால் என்றுதான் சொல்லுவார்கள். அதுதான் ஒட்டுதல்.

பெண்களுக்கும் இப்படி ஓர் இடம் இருந்தது. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி 1915இல் தொடங்கியபோது மாணவிகள் 41 பேர்தான். முதல்வர் எலினர் மெக்டூகலுக்கு ஒவ்வொரு முகமும் தெரிந்திருக்கும்.

இன்று எந்தக் கல்லூரியிலும் ஆயிரக்கணக்கில் மாணவர்கள். 41 பேர் காலம் திரும்பாது. ஆனாலும் பேரப்பிள்ளையை விடுதியில் விடப் போகும்போது நாம் சில விஷயங்களைக் கேட்கலாம். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு பிள்ளை வராவிட்டால் யார் கவனிப்பார்கள்? உடம்புக்கோ மனசுக்கோ முடியவில்லை என்றால் யாருடைய கதவைத் தட்டலாம்? அந்த ஆசிரியரை அன்றைக்கே நேரில் பார்த்துப் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

உப்பளக் குடும்பங்களுக்கு இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியில் தண்ணீர் நின்றால் வேலை இல்லை, கூலி இல்லை. மெஸ் பில் மட்டும் மாதம் தவறாமல் வரும். பாக்கிப் பட்டியலில் பெயர் ஒட்டப்பட்ட பிள்ளை மறுநாள் பந்தியில் எப்படி உட்காரும்? மழை மாதப் பணத்தைத் தை மாதத்துக்குப் பிறகு கட்டலாமா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். உப்பளத்துக்கு வேலை ஓய்வு உண்டு என்பது தாம்பரத்திலோ சென்னையிலோ இருப்பவர்களுக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.