கழற்றி வைக்கப்பட்ட ஆம்ப்ளிஃபையர்

பழைய வானொலிப் பெட்டியின் பின்பக்கம் மங்கிய செந்நிறத்தில் ஒளிரும் கண்ணாடி வால்வுகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஊமையாய் இருந்த திரைப்படத்தைப் பேச வைத்ததும் இத்தகைய வால்வுகளே.

1906ஆம் ஆண்டு அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்முனைகள் கொண்ட வால்வை உருவாக்கினார். மெல்லிய மின்னலையை வலுவாக்க அது வழி திறந்தது. 1920களின் இறுதியில் படங்கள் பேசத் தொடங்கியபோது, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் திரையரங்குகளுக்கு ஆம்ப்ளிஃபையர்களைச் செய்து கொடுத்தது. 1930களில் வந்த அதன் '91' வகையில் நான்கே வால்வுகள். ஆற்றலோ ஏறத்தாழ 8 வாட்தான். ஆயினும் அரங்கில் குரல் கேட்டது. சிறிதளவு மின்சாரத்தையும் பெரிய ஒலியாக்கும் கூம்பு ஒலிபெருக்கிகள் அதற்குத் துணை நின்றன.

1950களில் அகலத் திரையும் ஸ்டீரியோ ஒலியும் வந்தன. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. பழைய பெட்டிகள் கழற்றப்பட்டு மூலைக்குப் போயின. அவற்றைத் தேடி எடுத்தவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் ஜப்பானிய இசை ஆர்வலர்கள்.

தூசி படிந்த இரும்புப் பெட்டியை எப்படி அடையாளம் காண்பது? பெயர்த்தகடு இருந்தால் எளிது. இல்லையென்றால் வால்வின் அடிப்பாகத்தில் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். 310 என்பது மெல்லிய ஒலியை முதலில் உயர்த்துவது. 300 என்பது ஒலிபெருக்கியை இயக்கும் வலுவைத் தருவது. 274 என்பது ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றுவது. இவ்வெண்கள் ஒன்றுசேர்ந்து பெட்டியின் பணியைச் சொல்லிவிடும்.

அன்று படச்சுருளின் ஓரத்தில் பதிந்த ஒலித்தடத்திலிருந்து இதற்குக் குரல் வந்தது. வீட்டிலோ இசைத்தட்டிலிருந்து வரவேண்டும். ஆகவே ஒலி நுழையும் பகுதியை மாற்றினார்கள். கெட்டுப்போன கண்டென்சர்களைப் புதுப்பித்தார்கள். நல்ல வால்வுகளையும் டிரான்ஸ்பார்மர்களையும் அப்படியே காத்தார்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டென்சரில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். எனவே தொழில் தெரிந்தவரே இதைத் திறக்க வேண்டும்.

1988இல் நிறுத்தப்பட்ட '300பி' வால்வின் தயாரிப்பை, 1990களில் அந்நிறுவனத்தின் பெயரிலேயே மீண்டும் தொடங்கினார்கள். தேடுவோர் இருந்ததால்தான் அது நடந்தது.

நம் வீடுகளிலும் காலம் முடிந்ததென்று நாம் ஒதுக்கியவை உண்டு, ஒதுக்கியவர்களும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர், தறியை விட்டிறங்கிய தாத்தா, திண்ணையில் தனித்திருக்கும் பாட்டி. அவர்கள் செய்துவந்த வேலை நின்றிருக்கலாம், திறமை நின்றுவிடவில்லை. இவ்வாரம் அவர்களுள் ஒருவர் அருகில் அமர்ந்து, அவருக்குத் தெரிந்ததைக் கேட்டறிவோம். அவர் செய்யக்கூடிய ஒரு பணியை அவரிடம் ஒப்படைப்போம்.