ஸ்டோரிவீவர்

ஸ்டோரிவீவர் என்பது சிறுவர் கதைகளை இலவசமாகப் படிக்கவும் எழுதவும் மொழிபெயர்க்கவும் உதவும் இணையத் தளம். பெங்களூரைச் சேர்ந்த, இலாப நோக்கற்ற பதிப்பகமான பிரதம் புக்ஸ் இதை நடத்துகிறது. உலக எழுத்தறிவு நாளான 2015 செப்டம்பர் 8 அன்று, 24 மொழிகளில் சுமார் 800 கதைகளுடன் தொடங்கப்பட்டது.

பின்னணி
ரோகிணி நிலேகணி உள்ளிட்டோர் 2004-இல் நிறுவிய பிரதம் புக்ஸ், குறைந்த விலையில் பல இந்திய மொழிகளில் சிறுவர் நூல்களை வெளியிட்டுவந்தது. அச்சுச் செலவால், பேசுவோர் குறைந்த மொழிகளுக்குப் புத்தகம் எட்டவில்லை. கதைகளைத் திறந்த உரிமத்தில் இணையத்தில் வைப்பது இதற்குத் தீர்வாக அமைந்தது.

வாசிப்பு நிலைகள்
கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் நிலைக் கதைகள் 250 சொற்களுக்கு உட்பட்டவை. எளிய சொற்கள் திரும்பத் திரும்ப வரும். நான்காம் நிலையில் 1,500 சொற்களைத் தாண்டும். ஒரே வகுப்பில் தடுமாறிப் படிக்கும் குழந்தைக்கும் சரளமாகப் படிக்கும் குழந்தைக்கும் ஏற்ற கதைகளை ஆசிரியர் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். சில கதைகளில், குரல் ஒலிக்க ஒலிக்க உரிய சொல் திரையில் வண்ணமிட்டுக் காட்டப்படும்.

எழுத்தும் மொழிபெயர்ப்பும்
படங்களும் கதைகளும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளன. உரியவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் அவற்றை மாற்றலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். படத் தொகுப்பிலிருந்து படங்களை எடுத்து வரிசைப்படுத்தி மாணவர்கள் சொந்தக் கதை எழுத முடியும். மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துத் தட்டச்சு செய்யும் வசதியும் உண்டு. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் இயங்கும் சுசனா அமைப்பு, கோரா, சந்தாலி மொழிகளில் குழந்தைகளுக்கான நூல்களை இத்தளத்தின் வழியே உருவாக்கியது.

வரம்புகள்
யாரும் எழுதலாம் என்பதால் கதைகளின் தரமும் மொழிநடையும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆகவே வகுப்பில் கொடுக்கும் முன் ஆசிரியர் ஒருமுறை படித்துப் பார்ப்பது தேவை. இணைய இணைப்பு இல்லாத பள்ளிகள், முன்கூட்டியே பதிவிறக்கிய கோப்புகளையோ அச்சுப் படிகளையோ பயன்படுத்தலாம்.

இன்றைய நிலை
இத்தளத்தில் இன்று 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள் உள்ளன. தமிழ்க் கதைகளும் நான்கு நிலைகளிலும் கிடைக்கின்றன.