சாவித்திரி (நடிகை)

சாவித்திரி (இறப்பு: டிசம்பர் 26, 1981) தமிழ், தெலுங்குத் திரைப்படங்களில் நடித்துப் புகழ்பெற்ற நடிகையும் இயக்குநரும் ஆவார். தமிழில் "நடிகையர் திலகம்" என்றும் தெலுங்கில் "மகாநடி" என்றும் அழைக்கப்படுகிறார். இவரது உருவம் பொறித்த நினைவு அஞ்சல் தலையை இந்திய அஞ்சல் துறை 2011 ஆம் ஆண்டு வெளியிட்டது.

வாழ்க்கைக் குறிப்பு

சாவித்திரி ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் உள்ள சிர்ராவூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிறந்த நாள் டிசம்பர் 6. பிறந்த ஆண்டு நூல்களில் வெவ்வேறாகக் குறிக்கப்படுகிறது. குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்ததால் பெரியம்மாவின் குடும்பத்தில் வளர்ந்தார். விஜயவாடாவில் நடனம் பயின்று, நாடகங்களில் நடித்துவந்தார். பின்னர் திரைப்பட வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்தார். 1952 இல் நடிகர் ஜெமினி கணேசனை மணந்தார். ஜெமினி கணேசன் ஏற்கனவே மணமானவர் என்பதால் இத்திருமணம் சில காலம் வெளியில் அறிவிக்கப்படவில்லை. இவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் உள்ளனர்.

திரைப்பட வாழ்க்கை

தொடக்கத்தில் சாவித்திரிக்குச் சிறு வேடங்களே கிடைத்தன. 1951 இல் வெளிவந்த பாதாள பைரவி படத்தில் ஒரு நடனக் காட்சியில் மட்டும் தோன்றினார். 1953 இல் வெளிவந்த தேவதாஸ் படத்தில் ஏற்ற பார்வதி வேடம் இவரை முன்னணி நடிகையாக்கியது.

1955 இல் தமிழில் மிஸ்ஸியம்மா எனவும் தெலுங்கில் மிஸ்ஸம்மா எனவும் ஒரே கதை இரு மொழிகளில் வெளிவந்தது. கதாநாயகியாக முதலில் ஒப்பந்தமானவர் பானுமதி. தயாரிப்பாளருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் அவர் விலகினார். இரண்டாவது நாயகியாக நடிக்கவிருந்த சாவித்திரிக்கு அவ்வேடம் அளிக்கப்பட்டது. சாவித்திரிக்கு உரிய வேடத்தை ஜமுனா ஏற்றார்.

மாயா பஜார் (1957) இவரது திறமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அப்படத்தில் கடோத்கஜன் மணப்பெண்ணின் உருவம் எடுத்துத் திருமண வீட்டாரை ஏமாற்றுகிறான். எனவே சாவித்திரி, மணப்பெண்ணாகவும் மணப்பெண் உருவில் இருக்கும் கடோத்கஜனாகவும் நடிக்க வேண்டியிருந்தது. கடோத்கஜனாக நடித்த எஸ். வி. ரங்காராவின் நடையையும் மிடுக்கையும் பெண் வேடத்திலேயே இவர் வெளிப்படுத்தினார்.

பாசமலர் (1961) படத்தில் சிவாஜி கணேசனின் தங்கையாக நடித்தார். சிவாஜி கணேசன் ஒன்பது வேடங்களில் நடித்த நவராத்திரி (1964) படத்தில், வீட்டை விட்டு வெளியேறி அந்த ஒன்பது பேரையும் சந்திக்கும் பெண்ணாக நடித்தார். ஒன்பது பகுதிகளையும் இணைக்கும் பாத்திரம் இவருடையதாகும்.

இயக்கமும் தயாரிப்பும்

சாவித்திரி முதலில் இயக்கிய படம் சின்னாரி பாப்பலு (1968) என்னும் தெலுங்குப் படமாகும். அதன் முக்கியப் பொறுப்புகள் பலவற்றைப் பெண்களே ஏற்றிருந்தனர், பாடகி பி. லீலா இசையமைத்தார். இப்படம் தமிழில் குழந்தை உள்ளம் (1969) என்ற பெயரில் சாவித்திரியின் இயக்கத்திலேயே எடுக்கப்பட்டது.

தாம் நடித்து வெற்றி பெற்ற மூக மனசுலு (1964) என்னும் தெலுங்குப் படத்தைத் தமிழில் பிராப்தம் (1971) என்ற பெயரில் சொந்தமாகத் தயாரித்து இயக்கினார். சிவாஜி கணேசனுடன் தாமே கதாநாயகியாகவும் நடித்தார். இப்படம் தோல்வியடைந்தது. நடிகையாகப் பல ஆண்டுகள் ஈட்டிய பொருளைத் தயாரிப்பில் ஏற்பட்ட இழப்பும் வருமான வரிப் பாக்கியும் கரைத்தன.

இறுதிக் காலம்

1970களில் குணச்சித்திர வேடங்களில் நடித்துவந்தார். மதுப்பழக்கமும் நீரிழிவு நோயும் இவரது உடல்நலத்தைக் கெடுத்தன. 1980 இல் பெங்களூரில் நினைவிழந்த சாவித்திரி, ஏறத்தாழ 19 மாதங்கள் நினைவு திரும்பாமலே இருந்து, 1981 டிசம்பர் 26 அன்று சென்னையில் காலமானார்.

அஞ்சல் தலை

இந்தியாவில் பொதுவாக மறைந்தவர்களுக்கே நினைவு அஞ்சல் தலை வெளியிடப்படுகிறது. திரைப்பட நடிகைகளுள் நர்கீசுக்கு 1993 இலும் மதுபாலாவுக்கு 2008 இலும் அஞ்சல் தலைகள் வெளிவந்தன. 2011 பெப்ரவரி 13 அன்று பழம்பெரும் கதாநாயகியர் ஆறு பேருக்கு 5 ரூபாய் மதிப்புள்ள அஞ்சல் தலைகள் ஒரே தொகுதியாக வெளியிடப்பட்டன. அந்த அறுவர்:

* தேவிகா ராணி
* கானன் தேவி
* மீனா குமாரி
* நூதன்
* லீலா நாயுடு
* சாவித்திரி

இவர்களுள் தென்னிந்தியத் திரையுலகைச் சார்ந்தவர் சாவித்திரி ஒருவரே. இவர் மறைந்து 30 ஆண்டுகள் நிறையவிருந்த நிலையில் இச்சிறப்பு கிடைத்தது.

சாவித்திரியின் வாழ்க்கையைத் தழுவி மகாநடி என்னும் தெலுங்குப் படம் 2018 இல் வெளிவந்தது. தமிழில் நடிகையர் திலகம் என்ற பெயர் பெற்றது. சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷ் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார்.

நடித்த தமிழ்ப் படங்களுள் சில

* கல்யாணம் பண்ணிப்பார் (1952)
* மிஸ்ஸியம்மா (1955)
* மாயா பஜார் (1957)
* களத்தூர் கண்ணம்மா (1960)
* பாசமலர் (1961)
* பாவ மன்னிப்பு (1961)
* கற்பகம் (1963)
* கர்ணன் (1964)
* கை கொடுத்த தெய்வம் (1964)
* நவராத்திரி (1964)
* திருவிளையாடல் (1965)
* பிராப்தம் (1971)