இருக்கைக்கு அடியில் ஒரு தாள்

அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய டாட்ஜ் அல்லது பிளிமத் கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க முனைபவர் முதலில் செய்யும் காரியம் சற்று விநோதமானது. எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே பின்னிருக்கையைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்ப்பார். இருக்கையின் சுருள்கம்பிகளுக்கு இடையிலும், தரைவிரிப்பின் அடியிலும், பெட்ரோல் தொட்டியின் மேற்புறத்திலும் கைவிட்டுத் துழாவுவார். அவர் தேடுவது ஒரு தாள். பழுப்பேறி, துருக்கறை படிந்து, சில சமயம் எலி கடித்த நிலையில் அது அகப்படும். பல சமயம் அகப்படாமலே போகும். அகப்பட்டுவிட்டால், அந்தக் காரின் விலையே மாறிவிடக்கூடும்.

கண்முன் நிற்கும் ஓர் இயந்திரத்துக்கு ஒரு காகிதம் ஏன் சாட்சி சொல்ல வேண்டும்? இதை விளங்கிக்கொள்ள 1964ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனக்குத்தானே ஒரு விதி வகுத்திருந்தது. அதன் போண்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய கூட்டாளிகளும் 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் என்னும் சிறிய உடலுக்குள் வைக்க விரும்பினர். புதிய மாடல் என்று சொன்னால் தலைமையகம் தடுத்துவிடும். ஆகவே ஏற்கெனவே இருந்த லெமான்ஸ் காருக்குரிய விருப்பச் சேர்க்கைகளுள் ஒன்றாக, ஆர்டர் படிவத்தின் ஒரு வரியாக, அதை நுழைத்துவிட்டனர். அந்த வரியின் பெயர் ஜி.டி.ஓ. முதல் ஆண்டிலேயே 32,000க்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. பிற நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின. மஸில் கார் என்று பின்னாளில் பெயர் பெற்ற வகை இவ்வாறுதான் பெருகியது.

இந்தப் பிறப்பின் விளைவு நீண்டகாலம் தொடர்ந்தது. 1964, 1965 ஆண்டுகளின் ஜி.டி.ஓ. கார்களுடைய அடையாள எண்ணைப் படித்தால் அது வெறும் லெமான்ஸ் என்றே சொல்லும். 1966இல் தனி வரிசையாக அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் எண்ணில் அதற்கு இடம் வந்தது. படிவத்தின் ஒரு வரியாகப் பிறந்த வண்டியை, அந்தப் படிவத்தின் வழித்தோன்றல்களைக் கொண்டுதான் நிரூபிக்க முடிகிறது.

கிரைஸ்லர் நிறுவனத்தின் எண்கள் இவ்வளவு கருமித்தனம் செய்வதில்லை. 1970ஆம் ஆண்டுப் பிளிமத் பாரகுடா ஒன்றின் எண் பி, எஸ், 23, ஆர், 0, பி என்று தொடங்குவதாகக் கொள்வோம். முதல் எழுத்து பாரகுடா. இரண்டாவது அதன் விலைப் படிநிலை. 23 என்பது இரண்டு கதவுள்ள ஹார்ட்டாப் உடல். ஆர் என்றால் 426 கன அங்குல ஹெமி எஞ்சின். 0 மாடல் ஆண்டு. கடைசி எழுத்து மிச்சிகன் மாநிலத்து ஹாம்ட்ராம்க் நகர ஆலை. அதன்பின் ஆறு இலக்க வரிசை எண். பதினேழு இடங்கள் கொண்ட இன்றைய பொது முறை வந்தது 1981ஆம் மாடல் ஆண்டில்தான். அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் இலக்கணம் வைத்திருந்தது.

முன்சக்கர மேற்காப்பின் உட்புறத்தில் திருகப்பட்ட சிறு உலோகத் தகடு அடுத்த சாட்சி. இதைக் கீழ் வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். கீழ் வரியின் தொடக்கத்தில் இ74 என்றிருந்தால் ஹெமி எஞ்சின், டி21 என்றிருந்தால் நான்கு வேகக் கைக்கியர். அடுத்த வரியில் வண்ணம் வரும். எஃப்சி7 ஓர் அடர் ஊதா. டாட்ஜ் அதைப் 'பிளம் கிரேஸி' என்றது, பிளிமத் 'இன்-வயலட்' என்றது. விளம்பரத்தில் இரண்டு வண்ணங்கள், தகட்டில் ஒன்றே. அதே வரியில் சி18 என்றிருந்தால் டிசம்பர் 18. அன்று கார் முடிந்தது என்று இதற்குப் பொருளில்லை. அன்று முடிக்கத் திட்டமிடப்பட்டது என்பதே பொருள். இந்த வேறுபாட்டை அறியாமல் வாதிட்டுத் தோற்றவர்கள் பலர்.

தகட்டில் இடம் போதாது. முழு விவரமும் இருந்தது இருக்கைக்கு அடியில் கிடக்கும் அந்தத் தாளில்தான். ஆர்டர் விவரம் தொலையச்சு வழியாக ஆலையின் பல பகுதிகளுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பப்பட்டதால் அதற்கு 'பிராட்காஸ்ட் ஷீட்' என்ற பெயரும் உண்டு. எந்த இருக்கை, எந்த அச்சு, எந்த ரேடியோ என்று தொழிலாளி அதைப் பார்த்துத்தான் பொருத்தினார். வேலை முடிந்ததும் தாளுக்குப் பயனில்லை. அது கம்பிச்சுருளில் செருகியபடியே உறையிட்டு மூடப்பட்டது. வேறொரு காரின் தாள் மாறிக் கிடப்பதும் உண்டு. ஆகவே தாள் கிடைத்த மாத்திரத்தில் மகிழ்ந்துவிடாமல், அதிலுள்ள எண் கண்ணாடிக்குக் கீழுள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகியவர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதன்று.

ஷெவர்லே கார்களில் சிக்கல் இன்னும் பெரிது. 1970ஆம் ஆண்டு ஷெவெல் மாலிபு ஹார்ட்டாப்பின் எண் 13637 என்று தொடங்கினால் அது எட்டு சிலிண்டர் கார் என்பது மட்டும் தெரியும். உள்ளே இருந்தது 307 கன அங்குலத்தின் சாதுவான எஞ்சினா, 450 குதிரைத்திறன் கொண்ட 454ஆ என்று எண் சொல்லாது. 1972 முதல்தான் எஞ்சின் குறியீடு அடையாள எண்ணில் ஏறியது. 1969இல் அலுமினிய எஞ்சினுடன் சிறப்பு ஆணையின் பேரில் செய்யப்பட்ட இசட்.எல்.1 கமாரோக்கள் 69 மட்டுமே. அவற்றின் எண்ணும் சாதாரண எட்டு சிலிண்டர் கமாரோவின் எண்ணைப் போன்றதே.

ஃபோர்டின் கதை வேறு. 1967 முதலான தயாரிப்பு விவரங்கள் அங்கு தப்பிப் பிழைத்தன. 'மார்ட்டி' நிறுவனத்தின் அறிக்கை வழியாக ஒவ்வொரு காரின் பிறப்பையும் அறியலாம். போண்டியாக் கார்களுக்கும் விற்பனைப் பட்டியல் நகல்கள் கிடைக்கின்றன. ஆவணம் காத்த நிறுவனம், காக்காத நிறுவனம் என்ற வேறுபாடு இன்று சந்தை விலையில் தெரிகிறது.

விலை என்று வந்தபின் போலிகள் வராமலிருக்குமா? 1971ஆம் ஆண்டு ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் ஒன்று 2014இல் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போயிற்று. தகடுகளை அடித்துத் தருபவர்களும், தாளைத் தேநீர்க் கறையில் தோய்த்துப் பழசாக்குபவர்களும் இச்சூழலில் தோன்றுவது இயல்பே. அவர்களைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கால முரண்தான். ஷெவர்லே எஞ்சினின் வார்ப்பில் சி 12 9 என்றிருந்தால் அது 1969 மார்ச் 12இல் வார்க்கப்பட்டது. அந்தக் கார் பிப்ரவரியில் ஆலையை விட்டு வெளியேறியதாக ஆவணம் சொன்னால், எஞ்சின் மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஆவணம் பொய்யாக இருக்க வேண்டும். ஒரு பொய்யைச் சொல்லலாம். ஏழெட்டு இடங்களில் பொறித்த எண்கள் அனைத்தையும் அதற்கு உடன்படச் செய்வது கடினம்.

இவ்வளவு சொல்லும் அந்தத் தாள் ஒன்றை மட்டும் சொல்வதில்லை. 1968 மே 2 அன்று, இந்தக் கார்கள் உருவான அதே ஹாம்ட்ராம்க் ஆலையில், வேலை வரிசையின் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்துத் தொழிலாளர்கள் சங்கத்தின் அனுமதியின்றியே வெளிநடப்புச் செய்தனர். தண்டனையின் பெருஞ்சுமை கறுப்பினத் தொழிலாளர்கள்மீது விழுந்தது. அதிலிருந்துதான் 'டாட்ஜ் புரட்சிகரச் சங்க இயக்கம்' பிறந்தது. கண்ணாடியின் நிறத்தையும் ரேடியோவின் வகையையும் குறித்த தாளில், அவற்றைப் பொருத்தியவர் பெயருக்கு ஒரு கட்டமும் இல்லை.

அந்த ஆலை 1980 ஜனவரியில் மூடப்பட்டு, மறு ஆண்டு இடிக்கப்பட்டது. சில மணி நேரப் பயனுக்காக அச்சிட்ட தாள் அதைவிட நீண்டு வாழ்கிறது. அதைக் கண்டெடுப்பவர் காரின் விலையைத்தான் முதலில் கணக்கிடுவார், அதில் தவறில்லை. ஆயினும், வரிசை ஓடிக்கொண்டிருக்க, மடித்துச் செருகிவிட்டு அடுத்த காருக்குத் திரும்பிய ஒருவரின் கை அந்தத் தாளில் பட்டிருக்கிறது. அந்த மனிதரைப் பற்றி நமக்கு எஞ்சியிருப்பது அந்த மடிப்பு ஒன்றுதான். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.