தொழுது தீராத நோய், தோண்டித் தீர்ந்தது

கோட்டை கட்டிய கொற்றவர்களின் பெயர்களை நம் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்கின்றனர். போர்கள் நடந்த ஆண்டுகளைக் கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பிக்கின்றனர். ஒரு மாநகரின் காலடியில் பாதாளச் சாக்கடை அமைத்து, பல்லாயிரம் உயிர்களைக் காத்தவன் யார் என்று கேட்டாலோ விழிக்கின்றனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நாம் அவர்கள் கையில் கொடுத்த நூல் அப்படி! வாளேந்தியவனுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குவோர், செங்கல் அடுக்கியவனுக்கு ஒரு வரியும் ஒதுக்குவதில்லை. அந்தக் குறையில் ஒரு சிறு பகுதியையேனும் போக்க எண்ணி, இலண்டன் மாநகரம் தன் கழிவைக் கட்டியாண்ட கதையை இங்கே எழுதுகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் ஒரு பேரரசின் தலைநகர். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அங்கு வாழ்ந்தனர். உலகின் செல்வமெல்லாம் அந்தத் துறைமுகத்தில் வந்து குவிந்தது. அந்நகரின் மலமெல்லாம் தேம்சு ஆற்றில் சென்று கலந்தது. முன்பு வீட்டுக்கு வீடு மலக்குழிகள் இருந்தன. நீரூற்றிக் கழுவும் கழிப்பறைகள் பெருகியதும் அக்குழிகள் நிரம்பி வழிந்தன. குழிகளை மூடி, கழிவைச் சாக்கடை வழியே ஆற்றில் விடுமாறு அதிகாரிகளே ஆணையிட்டனர். அதே ஆற்றிலிருந்துதான் தண்ணீர்க் கம்பெனிகள் குடிநீரை இறைத்தன. கழித்ததையே குடித்தது கண்ணியமிக்க மாநகரம்!

1831-இல் காலரா இங்கிலாந்தில் கால் வைத்தது. அரசு என்ன செய்தது? 1832 மார்ச் 21-ஆம் நாளை நாடு முழுவதும் நோன்பிருந்து வேண்டும் நாளாக அறிவித்தது. மக்கள் நோன்பிருந்தனர், நோய் நோன்பிருக்கவில்லை. 1848-49-இல் அது மீண்டும் வந்தபோது இலண்டனில் மட்டும் 14,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1853-இல் மூன்றாம் முறை தலைகாட்டியது. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மூத்தோர், மீண்டும் ஒரு நோன்பு நாளை அறிவிக்கப் போகிறீர்களா என்று உள்துறை அமைச்சர் பாமர்ஸ்டனிடம் கேட்டனர். அவர் நாத்திகர் அல்லர். ஆயினும், இயற்கைக்குச் சட்டங்கள் உண்டு, ஏழைகள் வாழும் அசுத்தமான தெருக்களை முதலில் துப்புரவு செய்யுங்கள், அதைச் செய்யாவிடில் வேண்டுதலும் நோன்பும் பயன்தரா என்ற கருத்தில் விடை எழுதினார். ஆலயத்தின் கேள்விக்கு ஆட்சி தந்த அந்த விடையைப் பொன்னெழுத்தால் பொறிக்கலாம்!

ஆனால் விடை எழுதுவது எளிது, வேலை தொடங்குவது அரிது. அடுத்த ஆண்டின் முடிவுக்குள் இலண்டனில் மேலும் 10,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வேளையில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், பிராட் தெருவைச் சுற்றி மாண்டவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். சாவுகள் ஒரு தண்ணீர்க் குழாயைச் சூழ்ந்திருக்கக் கண்டார். நோயைக் கொண்டு வருவது தண்ணீரே என்றார். அறிஞர் பெருமக்களோ, கெட்ட காற்றுதான் நோயைத் தருகிறது என்ற பழைய நம்பிக்கையை விட்டு நகர மறுத்தனர். தம் உண்மை ஏற்கப்படுவதைக் காணாமலே 1858 ஜூன் மாதத்தில் ஸ்னோ மறைந்தார்.

அதே 1858-ஆம் ஆண்டுக் கோடையில் ஆறு தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. வெயிலில் வற்றிய தேம்சு நாறியது. ஆற்றங்கரையில் நின்ற பாராளுமன்றத்தின் சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் கலவையில் நனைத்துத் தொங்கவிட்டனர். அப்போதும் உறுப்பினர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினர். ஏழையின் வீட்டில் பிணம் விழுந்தபோது விழிக்காத சட்டம், சீமான்களின் மூக்கை நாற்றம் எட்டியதும் துள்ளி எழுந்தது. ஜூலை 15-இல் டிஸ்ரேலி மசோதாவைக் கொண்டுவந்தார்; ஆகஸ்டு 2-இல் அது சட்டமாயிற்று. பதினெட்டே நாட்கள்! 30 இலட்சம் பவுன் கடன் வாங்கவும், வரி விதித்து அதை அடைக்கவும் மாநகரப் பணி வாரியத்துக்கு உரிமை கிடைத்தது.

அந்த வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஜோசப் பசல்ஜெட். அவருடைய திட்டம் அதற்கு முன்பே ஆயத்தமாக இருந்தது. கழிவை எந்த இடத்தில் ஆற்றில் விடுவது என்ற தகராறில் மேலதிகாரிகள் அதை முடக்கி வைத்திருந்தனர். புதிய சட்டம் அந்த முட்டுக்கட்டையை நீக்கியது.

திட்டம் என்ன? நகரத்துப் பழைய சாக்கடைகள் ஆற்றை நோக்கி ஓடின. அவற்றைக் குறுக்கே மறித்து, கிழக்கு நோக்கித் திருப்பும் பெருங்கால்வாய்கள் மண்ணுக்கடியில் அமைய வேண்டும். ஆற்றின் வடபுறத்தில் மேல், இடை, கீழ் என மூன்று மட்டங்கள். தென்புறத்தில் மேல், கீழ் என இரண்டு. மைலுக்கு இரண்டடிச் சரிவு வைத்தால் கழிவு தானே ஓடும். தாழ்ந்த பகுதிகளின் கழிவை மட்டும் நீராவி எந்திரங்கள் இறைத்து மேலேற்றும். நகருக்குக் கிழக்கே தொட்டிகளில் தேக்கி, ஆற்றின் நீர் கடலை நோக்கி வடியும் வேளை பார்த்துத் திறந்துவிட வேண்டும். கால்வாய்கள் பல முட்டை வடிவில் அமைந்தன. அடிப்புறம் குறுகலாக இருப்பதால் நீர் குறைந்த நாளிலும் ஓட்டம் குறையாது, வண்டல் தங்காது.

தாளில் கோடு கிழிப்பதோடு பொறியாளரின் பணி முடிந்துவிடவில்லை. 82 மைல் பெருங்கால்வாய், 1,100 மைல் தெருச்சாக்கடை, 31 கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள்! வண்டியும் குதிரையும் நெரியும் தெருக்களைப் பிளந்து, வீடுகள் சாயாமல், நகர வாழ்வு நின்றுவிடாமல் இவ்வளவும் நடந்தேற வேண்டும். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒப்பந்தக்காரர்களிடம் விட்டனர். போர்ட்லண்டு சிமெண்டு அப்போது பெரிய அளவில் பழகாத பொருள். ஆகவே வந்திறங்கும் சிமெண்டைச் சோதித்து, உறுதி குறைந்ததைத் தள்ளினர். ஒப்பந்தக்காரரின் வாக்கை நம்பாமல் சோதனையை நம்பினர். மண்வெட்டியும் கூடையுமாக மண்ணைத் தோண்டிய ஆயிரக்கணக்கான தொழிலாளரின் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்லாது. அவர்களது செங்கற்சுவர்கள் இன்றும் கழிவைச் சுமக்கின்றன.

வேடிக்கை ஒன்றுண்டு. பசல்ஜெட்டும் கெட்ட காற்றுக் கொள்கையையே நம்பியவர். கொள்கை தவறு, ஆயினும் செயல் சரியாக அமைந்தது. நாற்றத்தை விரட்டப் போட்ட கால்வாய், குடிநீரிலிருந்து மலத்தையும் பிரித்தது. காலராவின் நுண்ணுயிரை இராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் ஆராய்ந்து காட்டும் முன்பே, செங்கல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

1865 ஏப்ரல் 4-இல் தென்கரையில் கிராஸ்னஸ் நீரேற்று நிலையத்தை இளவரசர் திறந்து வைத்தார். வாழ்த்தொலி எழுந்தது. ஆனால் வேலை முடிந்ததா? இல்லை! வடகரையின் கீழ்மட்டக் கால்வாய் பாதியில் நின்றது. கிழக்கு இலண்டனின் கழிவை மேலேற்ற வேண்டிய ஆபி மில்ஸ் நிலையம் 1868-இல்தான் இயங்கியது. இடையில், 1866-இல், காலரா நான்காம் முறை வந்தது. எங்கே வந்தது? கால்வாய் சென்று சேராத கிழக்கு இலண்டனுக்கு. துறைமுகக் கூலிகளின் தெருக்களுக்கு! அங்கே கழிவு இன்னும் லீ ஆற்றில்தான் விழுந்தது. அதன் கரையில் இருந்த தண்ணீர்க் கம்பெனியோ, வடிகட்டாத நீர் ஒரு துளியும் தரவில்லை என்று சாதித்தது. வீட்டுக் குழாய்களில் விலாங்குமீன் வந்து விழுந்து அந்தப் பொய்யை உடைத்தது. 5,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கால்வாய் சேர்ந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின. சேராத பகுதி சுடுகாடாயிற்று. அதன்பின் இலண்டன் காலராக் கொள்ளைநோயைக் கண்டதில்லை.

தாமதத்துக்குப் பொறியியல் காரணங்கள் இருந்தன. அவற்றை நாம் மறைக்கவில்லை. கீழ்மட்டக் கால்வாய் ஆற்றோரப் பெருங்கரையோடு இணைந்து எழ வேண்டியிருந்தது. ஆயினும், எந்தத் தெருவுக்கு முதலில், எந்தத் தெருவுக்குக் கடைசியில் என்னும் வரிசை, யார் வாழ்வது, யார் சாவது என்பதையும் எழுதிவிடுகிறது என்ற உண்மையை 1866 நமக்குக் கற்பிக்கிறது.

குறையும் இருந்தது. கழிவை நகரிலிருந்து அகற்றினர்; தூய்மை செய்யவில்லை. 1878-இல் பிரின்சஸ் ஆலிஸ் என்னும் கப்பல் அந்தக் கழிவு விழும் இடத்தருகே மோதி மூழ்கியது. 600-க்கும் மேற்பட்டோர் அந்த நச்சு நீரில் மடிந்தனர். அதன் பிறகே கசடைப் பிரிக்கும் முறை வந்தது. மழையும் கழிவும் ஒரே கால்வாயில் ஓடுவதால், மக்கள் தொகை பெருகப் பெருக அது ஆற்றில் வழிந்தது. ஆகவே 2016-இல் தொடங்கி, 25 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு புதிய சுரங்கத்தைத் தேம்சின் கீழ் குடைந்தனர். 2025 பிப்ரவரியில் அது முழுமையாக இணைக்கப்பட்டது. நேற்றைய சாதனையைக் கும்பிட்டுக்கொண்டிராமல் அதைத் திருத்துவதே அறிவு.

தோழர்களே! நோயைத் தெய்வத்தின் சினம் என்றவர்கள் நோன்பைத் தந்தனர். நோய்க்குக் காரணம் தேடியவர்கள் கால்வாயைத் தந்தனர். நாளை ஒரு நகரில் கால்வாய்த் திட்டம் ஒன்றை யாரேனும் உங்கள் முன் விரித்து வைத்தால், அதன் நீளத்தைக் கேளுங்கள், செலவைக் கேளுங்கள். அத்துடன் நில்லாமல், கடைசியாகத் தோண்டப்படும் தெரு எது, அங்கே வாழ்பவர் யார் என்றும் கேளுங்கள்!