முப்பது நாள் கரண்ட்

"மொத்தத்தையும் ஒரே நாள்ல வச்சு விட்டுரக் கூடாதா?" ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் கதிர்வீச்சுக்காக மதுரைக்கு ரயிலேறும் குடும்பத்தார் இப்படிக் கேட்டால் அது நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் அந்தச் சிகிச்சைக்குப் பெயரே கரண்ட் வைக்கிறது. பார்வை நரம்பை ஒட்டி மூளையுறைக் கட்டி வளர்ந்தவருக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதும் அளவுகளில் ஒன்று: கதிர்வீச்சை அளக்கும் கிரே என்ற அலகில் ஒரு நாளைக்கு 1.8, முப்பது தடவை, மொத்தம் 54. சனி, ஞாயிறு கிடையாது. ஆக ஆறு வாரம்.

அந்த 1.8 நம்மிடம் வந்து சேர்ந்த வழி நீளமானது. 1920களில் பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் க்ளோதியூஸ் ரெகோ, செம்மறிக் கிடாய்களின் விதைகளுக்குக் கதிர் பாய்ச்சிப் பார்த்தார். ஒரே தடவையில் மலடாக்கப் பார்த்தால் மேல்தோல் வெந்துபோனது. பல நாளாகப் பிரித்துக் கொடுத்தபோது கிடாய் மலடானது, தோல் தப்பியது. உடன் இருந்த ஆன்ரி கூத்தார் இதைத் தொண்டைப் புற்றுக்குக் கொண்டுபோனார். நம் பக்கத்தில், முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1950களில் கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. அன்றைய கணக்கில் 1.8 கிரே என்பது 180 ராட்.

தோல் புண் ஆறிவிடும். பார்வை நரம்பு கெட்டால் பெரும்பாலும் மீளாது, வலிகூட இருக்காது. கரண்ட் வைத்த அன்று ஒன்றும் தெரியாது. வீடு திரும்பி, வேலைக்குப் போய், அடுத்த ஆடிப்பூரத் தேரையும் பார்த்த பிறகு ஒரு கண் மங்கத் தொடங்கலாம். அதனால்தான் ஒரே தடவையில் கொடுக்கும்போது நரம்பின் மேல் 8, மிஞ்சினால் 10 கிரேக்கு மேல் விழாமல் காக்கிறார்கள். கட்டி சிறிதாக, நரம்பிலிருந்து சில மில்லிமீட்டராவது தள்ளி இருந்தால் அது நடக்கும். ஒட்டிக்கொண்டிருந்தால் நடக்காது. ஆனால் 1.8 ஆகப் பிரித்துக் கொடுத்தால் அதே நரம்பு 54 வரை தாங்குகிறது. 60ஐத் தாண்டினால் ஆபத்து ஏறிவிடும். இன்று பட்ட அடியில் பெரும்பகுதியை நாளைக்குள் நரம்புத் திசு தானே சரிசெய்துகொள்வதுதான் காரணம். நோயாளி ஊர் திரும்பித் தூங்கும் இரவும் சிகிச்சையில் சேர்த்தி என்றே நான் நினைக்கிறேன்.

வெந்நீரில் இளக்கி, நோயாளியின் முகத்திலேயே அச்செடுத்த பிளாஸ்டிக் முகமூடி மதுரை மருத்துவமனையில் காத்திருக்கும். மேசையில் சில நிமிடம்தான். ராஜபாளையத்துக்காரருக்குப் போக வர ஒரு பகல் போய்விடும். முப்பதும் முடிந்தபின் வருடக்கணக்கில் கண் டாக்டரிடம் பார்வைப் புலம் அளக்க வேண்டும். ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே பார்த்தபடி, ஓரத்தில் வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும்.